படிக்காமல் ஒட்டிய உறை

ஐயா, அந்த மருத்துவமனை உறையை மடியிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்? கொடுங்கள், மேலே என் பைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். வேண்டாமா? சரி, உங்கள் விருப்பம். நீங்கள் எதுவரை? இருங்கள், இந்தச் சன்னலைச் சற்று இறக்கிவிடுகிறேன். ஊர் எல்லை தாண்டும்வரை புழுதி நிற்காது. நான் வாலாஜா ரோடு. அங்கிருந்து இராணிப்பேட்டைக்குப் பேருந்து. பேச்சுத்துணைக்கு நீங்கள் கிடைத்தது நல்லதாயிற்று. இன்று காலை நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் வீட்டுக்குப் போனால் என் நெஞ்சு தாங்காது.

என் பெயர் ஏகாம்பரம். வயது நாற்பத்தெட்டு. வால்வு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். வார்த்து வந்த வால்வைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, தேறியதற்குப் பச்சை அட்டையும் தேறாததற்குச் சிவப்பு அட்டையும் கட்டுகிற வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டுகிறேன். நான் பச்சை கட்டிய வால்வு ஒன்றுகூட வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. சிவப்புக் கட்டியவை என்ன ஆயின என்கிறீர்களா? அவை உலைக்குப் போய் உருகிவிடும். அவற்றைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை.

என் பேச்சு மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. அது காலைக் கூட்டத்தின் பழக்கம். ஏழரை மணிக்கு வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம். அது முடிந்ததும் நான் ஒரு கதை சொல்வேன். பத்து நிமிடம். சில நாட்களில் இருபது ஆகும். கருத்தில்லாத கதையை நான் சொல்வதில்லை. உலையடி ஆட்கள் பின்வரிசையில் நின்றுகொண்டு, "இன்னிக்கி மாம்பழக் கதையா, மண்பானைக் கதையா? பந்தயம் கட்டலாமா?" என்று கிசுகிசுப்பார்கள். அன்புதான். அன்பில்லாவிட்டால் பந்தயம் கட்டுவார்களா?

கதைக்கு வருகிறேன். எங்கள் பொது மேலாளர் வேதமூர்த்தி வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்து யார் என்று தொழிற்சாலையில் எவரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் அந்தப் பதவிக்கு நிர்வாகப் படிப்பு கட்டாயம். படித்து முடிக்காவிட்டாலும் சேர்ந்தாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பூனாவிலிருந்து ஓர் இளைஞரை அனுப்புவார்களாம். வயது முப்பத்திரண்டு. உலையின் வாய் எந்தப் பக்கம் என்று அவருக்கு நான்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே, வேலையில் இருப்பவர்களுக்கென்றே சனி, ஞாயிறுகளில் எம்.பி.ஏ. நடத்தும் சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு ஆண்டுப் படிப்பு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி மாணவன். வீட்டில் என் மனைவி கோமளா, "இந்த வயசுல புத்தகத்த மூடி வெச்சிட்டுக் கண்ணாடிய தேடுவீங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டுப் புத்தகத்த தேடுவீங்க" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். கற்பதற்கு வயது ஒரு வேலி என்று எண்ணுகிறவன் அந்த வேலிக்குள்ளேயே கிடந்து வாடுவான். இதைக் காலைக் கூட்டத்திலும் சொன்னேன்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உங்களால் ஒருவர் எப்படி வளர்ந்தார் என்று எழுதச் சொன்னார்கள். நான் தாட்சாயணியைப் பற்றி எழுதினேன். என் துறையில் உதவி மேலாளர். பதினோரு ஆண்டுகளாக என் கீழ் இருக்கிறாள். பட்டயப் படிப்போடு வந்தவள். வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பொறியியல் முடித்தாள். அவளை நான் செதுக்கினேன் என்று எழுதினேன். பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஓர் அறிவுரை சொல்லாமல் நான் அவளை வீட்டுக்கு அனுப்பியதில்லை.

கட்டுரையோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் வேண்டும். மேலதிகாரி கையெழுத்திட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதைப் பிரிக்காமல் நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும். வேதமூர்த்தியிடம் போனேன்.

"ஏகாம்பரம், எனக்கு இதுக்கெல்லாம் எங்கய்யா நேரம்? நீயே எழுதி எடுத்துட்டு வா. சைன் போட்டுத் தரேன்" என்றார்.

உங்கள் அலுவலகத்திலும் இதுதானே வழக்கம்? எல்லா அலுவலகத்திலும் இதுதான். ஆனால் என்னால் முடியுமா? என்னை நானே புகழ்ந்து எழுதி, இன்னொருவர் பெயரில் கையெழுத்து வாங்குவதா? செய்தவனே சோதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாட்டின் முதல் விதி. மறுத்துவிட்டேன். பிறகு ஒரு வழி தோன்றியது. தாட்சாயணியைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

"வேதமூர்த்தி சார் கையெழுத்துக்கு எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் அம்மா. முகத்துதி வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் உனக்கு ஒரு லெட்டர் எழுதினேனே, அதே மாதிரி இருக்கட்டும். அதைவிடக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

போகத் திரும்பியவள் நின்றாள். "அதே மாதிரியா சார்?"

"அதே மாதிரி. அதுதான் கடிதத்துக்கு இலக்கணம்."

"அந்த ஃபைல் என் கம்ப்யூட்டர்லயே இருக்கு சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன்.

அந்தப் பழைய கடிதத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாட்சாயணியும் இதே படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஆமாம், இதே கல்லூரிதான். என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். மற்ற மேலாளர்களாக இருந்தால் நான்கு வரி புகழ்ந்து கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். நான் ஒரு வாரம் யோசித்தேன். அவள் திறமைசாலி; அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மூன்று நாள் தொடர்ந்து வால்வுகள் தேறவில்லை. கட்டியதெல்லாம் சிவப்பு அட்டை. வார்ப்புப் பகுதி ஆட்களை நிறுத்திவைத்துக் கவனக்குறைவைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு கதை சொன்னேன். கதை முடியுமுன் இவள் முன்வரிசையிலிருந்து, "சார், வால்வுல ஒண்ணும் இல்ல சார். கேஜ் தேஞ்சிருக்கு" என்கிறாள். கேஜ் என்றால் நாங்கள் அளக்கிற கருவி. எண்பது பேர் முன்னிலையில்! அளக்கிற கருவியையே சந்தேகித்தால் எதை நம்பி வேலை செய்வது? நான்காம் நாள் கேஜை வெளியே அனுப்பிச் சோதித்தோம். தேய்ந்துதான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சொன்ன விதம் சரியா? மூத்தவரிடம் தனியாக வந்து சொல்லக்கூடாதா? தனியாகவும் வந்தாள்தான். முதல் நாளே வந்தாள். அப்போது நான் அடுத்த நாள் கூட்டத்துக்கான கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வரச் சொன்னேன்.

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவளை உட்காரவைத்து ஒரு கதையும் சொன்னேன். ஒரு தோட்டத்தில் ஒரு மாங்காய், நான் சந்தைக்குப் போகிறேன் என்று அவசரப்பட்டதாம். தோட்டக்காரன் பறித்து வைக்கோலில் போட்டான். இரண்டே நாளில் தோல் மஞ்சளானது. சந்தையில் வாங்கியவன் அறுத்துப் பார்த்தால் கொட்டைவரை புளிப்பு. "இன்னும் ரெண்டு வருஷம் மரத்துலயே இரும்மா. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டாள் என்று புரிந்துகொண்டேன். எனக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவளே கடிதத்தைக் கணினியில் அடித்தாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முதுகுக்குப் பின்னால் எழுதுகிற ஆள் நானில்லை. என்ன எழுதினேன் என்பது அவள் கண்ணுக்கு நேரே நடந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது. "அடிம்மா" என்றேன். அடித்தாள். அந்த ஆண்டு அவளுக்கு நேர்காணல் அழைப்பு வரவில்லை. ஏராளமானோர் விண்ணப்பிக்கிறார்கள், எல்லோரையுமா அழைப்பார்கள்? என் கடிதத்தால்தான் என்று சொல்வதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

இந்த ஆண்டு சனவரியில் அவள் மறுபடி, நான் பரிந்துரை எழுதித் தர வேண்டிய படிவத்தோடு வந்தாள். "ரெண்டு வருஷம் ஆயிடுச்சு சார்" என்றாள். அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்திருந்தது. "முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் அம்மா, படிப்பு எப்படி என்று. அடுத்த வருஷம் நீ போகலாம்" என்று சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். மேலே இருக்கிறதே பை, அதில்தான் இருக்கிறது. நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சரி, என் கடிதம். மறுநாளே அடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"சார், ஒரு தடவ படிச்சிருங்க சார்."

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். "என்னைப் பற்றி இன்னொருவர் எழுதியதை நான் படிப்பது முறையில்லை அம்மா."

"பரவால்ல சார், படிங்க. ஏதாச்சும் மாத்தணும்னா இப்பவே மாத்திடலாம்."

"மாற்றச் சொன்னால் அது என் கடிதமாகிவிடும். உன் மனச்சாட்சி எழுதியது அப்படியே போகட்டும்."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். "சார், மூணாவது தடவையா சொல்றேன். படிச்சிட்டுக் குடுங்க."

நான் சிரித்துவிட்டேன். நல்ல பெண், என்னைப் பற்றி எதையோ மிகையாக எழுதிவிட்டுக் கூச்சப்படுகிறாள் என்று எண்ணினேன். வேதமூர்த்தி, "படிச்சிட்டியாய்யா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "படிக்க மாட்டேன் சார்" என்றேன். "நீ ஒரு மகாத்மாய்யா" என்று சொல்லி அவரும் படிக்காமல் மடித்துக் கொடுத்தார். என் கண் முன்னால் உறையை ஒட்டினார். வீட்டில் கோமளா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "உள்ள என்னதான் எழுதியிருக்கு? நம்ம லெட்டர நாம படிக்காம வேற யாரு படிப்பா?" என்றாள். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புகழைத் தேடிப் போய்ப் படிக்கிறவனுக்கு அது ஒரு வாய்ச் சர்க்கரை. அடுத்த வாய் கேட்கும். படிக்காமல் இருக்கிறவனுக்குத்தான் நிம்மதி. அந்த இரவு எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? இது அரக்கோணம்தான். வாலாஜாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கழிப்பறைக்கு என்றால் வண்டி கிளம்பிய பிறகு போங்கள். நிலையத்தில் நிற்கும்போது போவது நாகரிகமில்லை. பாருங்கள், எவ்வளவு கூட்டம் ஏறுகிறது! இப்போது எழுந்தால் இடம் போய்விடும். உட்காருங்கள், உட்காருங்கள். முக்கியமான இடத்துக்கே இனிமேல்தான் வரப்போகிறேன். நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள், புரிகிறது. இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இன்று காலை பத்து மணிக்கு நேர்காணல். மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை. நரைத்த கூந்தல், பருத்திப் புடவை. ஒரு பக்கம் ஏதோ நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்; எதற்கும் சிரிக்கிற மனிதர். மறு பக்கம் ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். தொடக்கம் நன்றாகவே இருந்தது. என் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். தாட்சாயணியை நான் வளர்த்த விதத்தைச் சொன்னேன். அந்தச் சிரிக்கிற மனிதர்கூடச் சிரிக்காமல் கேட்டார்.

பிறகு அந்த அம்மையார் உறையை என் எதிரிலேயே பிரித்தார். மனத்துக்குள் வாசித்தார். புருவம் சுருங்கியது. இன்னொரு முறை வாசித்தார்.

"உங்கள் பொது மேலாளருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனவருத்தமா?"

"இல்லையே அம்மா. என்மேல் அவருக்கு மிகுந்த மதிப்பு."

"அப்படியானால் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதுதான் நியாயம்" என்றார்.

முதல் வரி: 'இவர் நேர்மையானவர், காலம் தவறாதவர்.' நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். இரண்டாவது வரி: 'தம் பணியை நன்கு அறிந்தவர், ஆயினும் பிறரை வழிநடத்தும் முதிர்ச்சி இவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.' தலை நிமிர்ந்துவிட்டது, ஐயா. மூன்றாவது வரி: 'தம் கருத்தே சரி என்னும் எண்ணம் மிகுதி, பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமையை இவர் வளர்த்துக்கொள்ள வேண்டும்.'

இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு! எழுந்து நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். "அம்மா, இதை எழுதியவர் யாராக இருந்தாலும், ஒரு நாள்கூட என்னோடு நின்று வேலை பார்த்தவர் அல்லர். ஒரு மனிதர் இத்தனை ஆண்டு கண்விழித்துச் செய்த வேலையை மூன்று வரியில் அடித்துத் தள்ள இவருக்கு யார் உரிமை கொடுத்தது? இந்த மூன்று வரி அந்த மனிதரின் வாழ்க்கையை என்ன செய்யும் என்று எழுதியவர் ஒரு கணம் யோசித்தாரா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காருங்கள்" என்றார் அம்மையார். "இன்னும் ஒரு வரி இருக்கிறது."

நான்காவது வரி: 'இவர் பழுக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும்; அதுவரை மரத்திலேயே விட்டுவைப்பதுதான் இவருக்குச் செய்யும் நன்மை.'

அந்தச் சிரிக்கிற மனிதர் சிரித்துவிட்டார். "ஐயா, உங்களுக்கு நாற்பத்தெட்டு வயதாகிறதே! இன்னும் எவ்வளவு பழுப்பீர்கள்?"

நான் சிரிக்கவில்லை. அந்த மரத்தை எனக்குத் தெரியும், ஐயா. அந்த மாங்காயை எனக்குத் தெரியும். விரல் எந்தச் சொல்லில் நின்றது என்றுகூட எனக்குத் தெரியும். 'முதிர்ச்சி' என்ற இடத்தில்தான் நின்றது. நான்தான் "அடிம்மா" என்றேன்.

"இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார் அம்மையார்.

"தெரிகிறது."

"யார்?"

"நான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தன் கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு" என்றார் சிரிக்கிறவர். "ஆனால் தன்னைத் தானே திட்டி எழுதிக்கொண்டு வந்தவர் நீங்கள்தான்." நான் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொருவருக்காக எழுதியது, அவளையே அடிக்கச் சொன்னது, அதே மாதிரி எழுது என்று கேட்டது, மூன்று முறை சொல்லியும் படிக்காமல் ஒட்டியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு, வேறென்ன செய்யும்?

அம்மையார் கேட்டார்: "அந்தப் பெண்ணுக்கு அப்போது இங்கே இடம் கிடைத்ததா?"

"நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை."

அவர் அந்தத் தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்தார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் தெரியுமா? மடிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"பதினைந்து நாள் தருகிறேன்" என்றார். "புதிய கடிதம் ஒன்று வேண்டும். மேலதிகாரி வேண்டாம். உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஒருவர் எழுதட்டும். அவரே எழுதி, அவரே ஒட்டி, நேராக எனக்கு அனுப்பட்டும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் இடத்தை முடிவு செய்கிறோம்."

என் கீழ் ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், ஐயா. அவள்தான் என்பது அந்த அம்மையாருக்கும் தெரியும். கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேனே.

சென்ட்ரலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது அவளே அழைத்தாள். சனிக்கிழமையானாலும் இன்று தொழிற்சாலை உண்டு. பின்னால் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது.

"சார், இன்டர்வியூ எப்பிடி சார் போச்சு?"

நான் எத்தனையோ கேட்க எண்ணியிருந்தேன். நன்றி மறத்தலைப் பற்றி ஒரு கதைகூடத் தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது இதுதான்: "ஏம்மா அப்படி எழுதினே?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். பேர மாத்தினேன். 'ஷீ'னு இருந்த எடத்துல எல்லாம் 'ஹீ'னு போட்டேன், 'அவள்' 'அவர்' ஆயிடுச்சு. வேற ஒரு எழுத்து மாத்தல."

"என்மேல் கோபம் இருந்தால் நேரே சொல்லியிருக்கலாமே, தாட்சாயணி."

"கோபம் இல்ல சார்." கிரேன் சத்தம் குறைந்தது; ஓரமாக ஒதுங்கியிருப்பாள். "அது நல்ல லெட்டர்னு நீங்க சொன்னீங்க. என் நல்லதுக்குன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷமா எனக்கு அது புரியல சார். ஒருவேள நெசமாவே நல்ல லெட்டர்தானோ, எனக்குத்தான் படிக்கத் தெரியலியோன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். நீங்க படிச்சா தெரிஞ்சிடும்னுதான் மூணு தடவ படிக்கச் சொன்னேன். படிச்சிட்டு நல்லாருக்குன்னு நீங்க அனுப்பியிருந்தா, நான் மனச தேத்திக்கிட்டிருப்பேன். நீங்க படிக்கவேயில்ல."

நான் பேசவில்லை. என்னால் பேச முடியாமல் போவது அரிது. கோமளாவைக் கேட்டுப் பாருங்கள்.

"சார்? இருக்கீங்களா? அந்த எம்.பி.ஏ. சீட்டு… என்னால போயிடுச்சா சார்?" என்றாள். குரல் உடைந்திருந்தது. பழிவாங்குகிறவளின் குரல் அப்படி உடையாது. எனக்குத் தெரியும்; வார்த்த இரும்பைத் தட்டியே உள்ளே விரிசல் உண்டா என்று சொல்கிறவன் நான். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என் ஃபார்ம் சார்… ரெண்டாவது ரவுண்டுக்குப் புதன்கிழம லாஸ்ட் டேட்."

"திங்கட்கிழமை பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள், ஐயா, நான் என்ன செய்வது? இதுதான் என்னை அரிக்கிறது. இன்று இரவே உட்கார்ந்து அவளுக்கு நல்ல கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம். உண்மையாகவே எழுதலாம், கேஜ் தேய்ந்ததை முதலில் கண்டவள் இவள் என்று எழுதலாம். ஆனால் திங்கட்கிழமை அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எனக்கொன்று எழுது என்று கேட்டால் அது என்ன? பேரம். கேட்காவிட்டாலும், அவளுக்குத் தோன்றாதா? எழுதாமல் இருந்துவிட்டால் அது இன்னும் இரண்டு ஆண்டு மரம். எனக்கென்று கடிதமே வேண்டாம், அந்த நாற்காலி பூனாக்காரருக்கே போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதையும் நினைத்தேன். நினைத்த மறுகணமே, அதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது, தியாகத்தைப் பற்றி எந்தக் கதை பொருந்தும் என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளில் எவ்வளவு கதை சொல்லியிருப்பேன்! எல்லாமே எதிரில் நிற்கிறவர்களுக்கு. என் பக்கம் திரும்பிய கதை ஒன்றுகூட இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் ஒரு பெண்ணைப் பற்றி என்று நினைத்து எழுதினேன். அந்த மூன்றாவது வரி… அது மட்டும் மிகையென்று இன்னும் தோன்றுகிறது. மற்றதை ஒப்புக்கொள்கிறேன். கேட்கும் பொறுமை எனக்கு இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? யார் வந்தாலும் என் கதவு திறந்தேதான்…

எடுங்கள், உங்கள் தொலைபேசிதான் அடிக்கிறது. பேசுங்கள், பேசுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஐயா.

நான் ஒட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பதால் காதில் விழுந்தது. 'அரக்கோணத்துல எறங்க முடியல, வாலாஜா போயிட்டுத் திரும்பி வரேன், டாக்டர இருக்கச் சொல்லு' என்றீர்களே. நீங்கள் அரக்கோணத்தில் இறங்க வேண்டியவரா? எழுந்து நின்றீர்களே, அது அதற்காகவா? வாயைத் திறந்தீர்கள், நான்தான்… உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்து… கழிப்பறை என்று வேறு…

ஏறியவுடன் எதுவரை என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். கேட்டுவிட்டுச் சன்னலை இறக்கினேன்.

மன்னிப்பைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஓர் ஊரில்… இல்லை. வேண்டாம்.

வாலாஜா வருகிறது. இருவரும் சேர்ந்தே இறங்குவோம். எதிர் நடைமேடையில் சென்னை வண்டி வரும்வரை நானும் உங்களோடு நிற்கிறேன். அரக்கோணம்வரை உடன் வர வேண்டுமானாலும் வருகிறேன். அந்தப் படிவத்தை எடுத்து இதோ சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். அதில் என்ன எழுத வேண்டும் என்று தாட்சாயணியிடமே கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிறேன். எனக்கென்று ஒரு கடிதம் வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்ட்ரலிலிருந்து இரண்டு மணி நேரமாக அந்த மருத்துவமனை உறையை மடியைவிட்டு இறக்காமல் பிடித்திருக்கிறீர்கள். ஓரமெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. யாருக்கு, ஐயா? வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?

சொல்லுங்கள்.